குளியலறைக்குள் ஒரு வேட்பாளர்

எங்கள் தொடரில் மாமியாராக நடிக்கும் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சரிங்கக்கா" என்றால்தான் படப்பிடிப்புத் தளத்தில் தெரியும். மாமனாராக நடித்தவர் பக்கம் பக்கமாகப் பேசுவார். இவளுக்கு இருந்த ஒரே வசனம் "சரிங்க". வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். இவள் நடித்தால்தான் அடுப்பு எரியும். மேக்கப் போடுகிற என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்? "ஒரு வார்த்தைக்கு எதுக்கு இவ்வளவு மேக்கப்பு?" என்று மாமனார் சிரிப்பார். பவுடர் டப்பாவை அவர் வாயில் கவிழ்க்கலாமா என்றிருக்கும் எனக்கு.

அந்த மனுஷனுக்குத் திடீரென்று மக்கள் சேவை ஞாபகம் வந்து, தேர்தலில் நின்றார். சேனல் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. வாக்குப்பதிவு முடியும்வரை வேட்பாளரின் முகமோ குரலோ தொடரில் வரக் கூடாது. வந்தால், எதிர்த்து நிற்கிற அத்தனை பேருக்கும் அதே அளவு நேரம் தர வேண்டும்.

"அப்போ ஒரே வீட்டுக்குப் பதினோரு மாமனாரா? மருமக தாங்குவாளா!" என்று டைரக்டர் தலையில் கை வைத்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மாமனாரும் மாமியாரும் வெளிநாடு போய்விடுவார்களாம், திரும்பி வர மாட்டார்களாம்.

நின்றது அவர், போவது இவளா?

"சார், அவர் போகட்டும். நான் எதுக்குப் போகணும்?" என்றாள் அக்கா. அத்தனை சொற்களை அந்த வாயிலிருந்து ஒன்றாகக் கேட்டதே இல்லை. செட்டில் இருந்த குளியலறைக் கதவைக் காட்டினாள். அதற்குப் பின்னால் குளியலறை கிடையாது, ஒயர்ச் சுருள்கள்தான். "அவர் உள்ள குளிக்கிறாருன்னு வச்சுக்குங்க. நான் வெளிய நின்னு பேசிக்கிறேன்."

அன்றிலிருந்து தேர்தல்வரை மாமனார் குளித்துக்கொண்டே இருந்தார். அக்கா முதலில் எழுதிக் கொடுத்ததைப் பேசினாள், பிறகு தானாகவே வந்தது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க பேசி நான் கேட்டாச்சு. இப்ப நான் பேசுறேன், சோப்பு போட்டுக்கிட்டே கேளுங்க!" லைட்மேன் வாயைப் பிளந்து நின்றார். ஊரெல்லாம் அந்தக் கதவைப் பார்க்கவே டி.வி. போட்டார்கள்.

"யாருக்கு ஓட்டுப் போட்டீங்கக்கா?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான்டி. சொந்தபந்தம் எல்லாரையும் போடச் சொன்னேன். ஜெயிச்சுட்டா இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாரா?"

அவர் மண்ணைக் கவ்வினார். மறுவாரமே வந்து தன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். புருவம் வரையும்போது, "இனி மறுபடியும் 'சரிங்க'தானாடி?" என்றாள் அக்கா.

டைரக்டர் பணிவாகத்தான் சொன்னார்: "ஐயா, நீங்க உள்ளேயே இருங்க. கதவைத் திறந்துடாதீங்கன்னு ஜனங்க போன் மேல போன் போடுறாங்க. உங்களுக்கும் ஒரு வசனம் வச்சிருக்கேன்."

பழக்க தோஷம், கண்ணாடி முன் வந்து முகத்தை நீட்டினார். நான் டப்பாவை மூடினேன். "ஒரு வார்த்தைக்கு எதுக்குங்கய்யா மேக்கப்பு?"

கதவுக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே, ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். அக்கா மூச்சு விடாமல் பேசி முடித்துக் காத்திருந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சரிம்மா."