பத்து புள்ளி இரண்டு மில்லி

உயிரியல் மாணவர்களுக்கு வேதியியல் செய்முறை சொல்லித் தருகிறவரை எல்லோரும் 'ஒரு சொட்டு மேடம்' என்பார்கள். "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டா விடு" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? தவளையைக் கூசாமல் அறுக்கிற பிள்ளைகள், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாயைக் கண்டால் மிரண்டார்கள். வேதியியல் துறையில் அவர்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள். விரிசல் விட்ட குடுவையெல்லாம் அவர்கள் மேசைக்குத்தான் வரும்.

மேடத்தின் கதையும் அப்படித்தான். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. இந்த முறை தேர்ச்சி நன்றாக இருந்தால் நிரந்தரம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

செய்முறைத் தேர்வு முடிந்த மதியம் தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். குடுவையில் இளஞ்சிவப்பாக நிற்கும் காரம் நிறமிழக்க எத்தனை மில்லி அமிலம் வேண்டும் என்பதுதான் கேள்வி. முப்பத்தெட்டுப் பேர் 10.2 என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், 'ஐம்பது மில்லி விட்டும் நிறம் மறையவில்லை' என்று எழுதியிருந்தாள்.

மேடத்துக்குச் சந்தேகம் தட்டியது. அமில பாட்டிலில் நீல லிட்மஸ் தாளை நனைத்தார். அமிலம் பட்டால் சிவக்க வேண்டிய தாள் நீலமாகவே இருந்தது. ஆய்வக உதவியாளர் அவசரத்தில் வெறும் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறார். அந்தத் தண்ணீரில்தான் முப்பத்தெட்டுப் பேர் விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். வருடா வருடம் அதே கரைசல், அதே விடை; 10.2-க்கு நெருங்கினால் முழு மதிப்பெண் என்று விதி போட்டவரும் மேடமேதான்.

துறைத்தலைவரிடம் ஓடினார். "மறுபடியும் வைக்கணும் சார். ஆளுக்கொரு அளவுல தண்ணி கலந்த வினிகர் குடுக்கலாம். யாருக்கு என்ன வருதோ அதை எழுதட்டும்."

"பயாலஜி பசங்கதானே, விடுங்க. இத்தனை பேர் பாஸ் ஆகுறப்ப, நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க."

திரும்பி வந்தால் அந்த ஒருத்தி அழுத கண்ணோடு வாசலில் நின்றாள். "என் கைதான் சரியில்ல மேடம். பத்து புள்ளி ரெண்டுன்னு மாத்தி எழுதிக்கட்டுமா?"

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. பாட்டில்ல இருந்தது தண்ணி."

"அப்போ மத்தவங்களுக்கெல்லாம் எப்படி வந்துச்சு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார் மேடம். மதிப்பெண் பட்டியலின் குறுக்கே கோடு கிழித்து, 'மறுதேர்வு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நிரந்தர வேலை கைவிட்டுப் போய்விட்டது.

அந்தப் பெண் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"மறுதேர்வுல எவ்வளவு வரணும் மேடம்?"