அம்பிகா பிடித்த கை

சிலிண்டரை இறக்கி வைத்த ஆள் ரசீதை நீட்டினார். அம்பிகா ரசீதை வாங்காமல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"தொண்ணூத்தி ஆறு. மாடி ஏறினதால ஜாஸ்தி. ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க."

கீழே வண்டியில் இன்னும் பதினெட்டு சிலிண்டர் இருந்தது. ஆனாலும் அவர் உட்கார்ந்தார். அம்பிகா சொன்னால் யாரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

அம்பிகா என் தங்கை. வயது முப்பத்தேழு. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதின்மூன்று வருடம் நர்ஸாக இருந்தாள். நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு மேல்விஷாரத்தில் தோல் மண்டி வேலைக்குப் போனவன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். நர்சிங் சேர்ந்த அன்று அவளுக்கு வாங்கிய வெள்ளை ஷூவின் அட்டைப்பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அளவு ஐந்து.

யார் கை கிடைத்தாலும் அவளுடைய இரண்டு விரல்கள் நாடி பார்க்கத் தாமாகவே மணிக்கட்டுக்குப் போய்விடும். எங்கள் மாமா பையன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போனவள் அரை நிமிடம் விடவில்லை. ஆல்பத்தில் மூன்று படங்களில் மாப்பிள்ளையின் கை அவளிடம் இருக்கிறது. மூன்றாவது படத்தில் பெண்ணின் அப்பா எட்டிப் பார்க்கிறார்.

பேரம் பேச மட்டும் அவளுக்கு வராது. கத்தரிக்காய் விற்கும் மரியம்மாள் நாற்பது என்றால் இவள் ஐம்பதைக் கொடுத்து, "மிச்சத்துக்கு முட்டிக்குத் தைலம் வாங்கிக்க" என்பாள். ஒருமுறை சம்பள உயர்வு கேட்க மேட்ரன் அறைக்குப் போனாள். வாரத்துக்கு ஒரு நைட் டியூட்டி கூடுதலாக ஒப்புக்கொண்டு திரும்பினாள். "பாவம்ணா, ஆளே இல்லையாம்."

இந்த வருடம் அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. நர்ஸ் பற்றாக்குறை உள்ள ஊர்களுக்கு மூன்று மூன்று மாத ஒப்பந்தத்தில் அனுப்பும் ஏஜென்சிகள் இருப்பதைக் கேள்விப்பட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏஜென்சியைப் பிறகுதான் தேட ஆரம்பித்தாள். அதுவரை வாங்கிய மாதச் சம்பளம் இருபத்து நான்காயிரம். ஐம்பத்தைந்தாயிரமும் தங்க அறையும் கிடைத்தால்தான் போவது என்று முடிவு செய்தோம். ராஜினாமாவைப் பார்த்து மேட்ரன் சிரித்தாராம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கடுதாசி என் டிராயர்லதான் இருக்கும். வந்து கிழிச்சிப் போட்டுட்டு டியூட்டிக்குப் போ."

நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆறு ஏஜென்சிகளை எழுதினேன். விசாரித்ததில் நான்கை அடித்தேன். அதில் ஒன்றின் முகவரியில் பரோட்டாக் கடை இருந்தது.

மிஞ்சிய இரண்டில் ஒன்று சென்னை. ஹேமந்த் என்ற பையன் வீடியோ காலில் வந்தான். "ஐம்பத்தஞ்சு கேரண்டி மேடம். ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் எங்ககிட்ட இருக்கும். உங்க சேஃப்டிக்குத்தான்."

அம்பிகாவின் விரல்கள் திரையைத் தொட்டுவிட்டுத் திரும்பின. "தம்பி, ரெண்டு வெரல கழுத்துல வைங்க. அங்க இல்ல, கொஞ்சம் சைடுல. எண்ணுங்க."

அவனும் எண்ணினான். "பதினஞ்சு செகண்டுக்கு முப்பது மேடம். ஏன் மேடம்? எனக்கு எதாவது...?"

"நூத்தி இருபது," என்று பெருக்கிச் சொன்னாள். "உக்காந்த எடத்துல இவ்ளோ ஓடுதுன்னா சர்டிபிகேட் திரும்பி வராதுண்ணா." நோட்டில் ஐந்தாவது பெயரையும் அடித்தேன்.

ஆறாவது ஆம்பூர் பஞ்சாட்சரம். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். வியாழக்கிழமை போனோம். அவர் முன்பு பச்சைத் தோல் தரகர். எங்கள் மண்டிக்கு வந்து போனவர்தான். அந்தத் தொழிலில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் இருவர் கையும் சேரும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. நடுக்கணுவைத் தொட்டால் பாதி. நர்ஸ் அனுப்பும் தொழிலுக்கு வந்தும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

"குவாஹாட்டி. மூணு மாசம். ரூம் உண்டு. ரயில் டிக்கெட் நம்மளது. சம்பளத்த பொம்பளப் புள்ள கையப் புடிச்சிப் பேசறது மொறையில்ல. நீ வாப்பா," என்று என் கையைத் துண்டுக்குள் இழுத்தார். "வெரலுக்குப் பத்தாயிரம்."

அவருடைய இடது கை மேஜைமேல் சும்மா கிடந்தது. அது போதாதா? அம்பிகா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துச் சொல்லும்மா, ரெண்டு நாளா ஒரு மாதிரி கீது," என்றவர் என் நான்கு விரல்களைப் பிடித்தார். "இதுக்கு மேல ஒரு பைசா நவராது. முருகன் மேல சத்தியம்."

"நூத்தி எட்டு," என்றாள் அம்பிகா.

நான் தலையாட்டி மறுத்தேன். நாலரை பிடித்தார். "ஆஸ்பத்திரிக்காரன் தர்றதே அவ்ளோதாம்பா."

"நூத்திப் பன்னெண்டு."

"இன்னாம்மா, ஏலம் போடற மாதிரி கத்தற?"

ஐந்து. அப்புறம் ஐந்தரை. அதுதான் எங்கள் கணக்கு. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். துண்டுக்குள் நடப்பது தெரியாத அம்பிகா உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் நூறுல நிக்குது. மனசுல எதையோ வெச்சிக்கிட்டு இருக்காருண்ணா."

நான் கையை விடவில்லை. பஞ்சாட்சரம் கூரையைப் பார்த்தார். பிறகு என் ஐந்து விரல்களையும் பிடித்து, விட்டு, ஒரு விரலைப் பிடித்தார். "அவ்ளோதான். இதுக்கு மேல போனா நான் கடைய மூடணும்."

"எழுபத்தாறு," என்றாள் அம்பிகா. "இப்பதான் நல்லா இருக்கீங்க. பிரஷர் மாத்திரை சாப்புடறீங்களா?"

"ஒரு மாசமா உட்டுட்டேன்மா."

"இன்னிக்கே போடுங்க."

பேசியதையெல்லாம் தாளில் எழுதச் சொல்லி இரண்டு முறை படித்த பிறகே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும்தான் அறுபதாயிரம் என்பதே அவளுக்கு உறைத்தது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, பாவம்ணா அந்த மனுசன். அஞ்சு திருப்பிக் குடுத்துடலாமா?"

முப்பத்தேழு வருடத்தில் நான் அவளைத் திட்டியது அன்று ஒருநாள்தான்.

காட்பாடியில் ரயில் ஐந்து நிமிடம்தான் நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு நான் கீழே நின்றேன். அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒழுங்கா சாப்புடுவியாண்ணா?"

"நான் இன்னா கொழந்தையா? மூணு மாசம்தான, எனக்கு ஒரு பேஜாரும் இல்ல பாப்பா. நீ போய்ட்டு வா."

அவளுடைய இரண்டு விரல்கள் என் மணிக்கட்டை நோக்கி வந்தன. அவை என்ன கண்டுபிடிக்கும் என்று எனக்கா தெரியாது? தோளில் கிடந்த துண்டை அவசரமாக இழுத்துக் கையை மூடிக்கொண்டேன்.

அம்பிகா என்னைப் பார்த்தாள். பிறகு துண்டுக்குள் கையை விட்டாள். நாடியைத் தேடவில்லை. என் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து, ஒரு முறை அழுத்தினாள்.