ஒரு கையால் திறக்கும் கத்தி

வெதுருகுப்பத்திலிருந்து திருச்சானூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவியின் துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. அவள் கத்தவில்லை. கத்த முடியவில்லை என்பது, வண்டி பின்னுக்கு இழுக்கிறதே என்று நிறுத்தித் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. துணி கழுத்தை இறுக்கி அவளைப் பின்பக்கமாக வளைத்திருந்தது.

சாவிக்கொத்தில் ஒரு சின்ன மடக்குக் கத்தி வைத்திருந்தேன். ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அதைத் திறக்கப் பார்த்தேன். இரண்டு கையும் வேண்டும் அதற்கு. அவள் முகம் கருத்துக்கொண்டே வந்தது. செத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

பக்கத்து நிலத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அரிவாளோடு ஓடி வந்தாள்.

“தலை ஆடாம புடிச்சிக்கோ நைனா” என்று சொல்லிவிட்டுத் துணியை அறுத்தாள். மனைவி சத்தத்தோடு மூச்சை இழுத்தாள்.

மறுவாரம் இருவரும் கத்தி வாங்கத் திருப்பதிக்குப் போனோம். கத்தரி, ரம்பம், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் மடங்கி உள்ளே போகும் கருவி ஒன்றைக் கடைக்காரர் காட்டினார்.

“கண்ண மூடிக்கினு ஒரு கையில தொறங்க பாக்கலாம்” என்றாள் மனைவி. அவள் கழுத்தில் சிவப்புக் கோடு இன்னும் இருந்தது. என்னால் திறக்க முடியவில்லை.

கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும், கழுத்தில் குத்திவிடாதபடி முனை மட்டும் மழுங்கிய சாதாரணக் கத்தியை எடுத்தோம்.

“ரெண்டு குடுங்க” என்றாள் அவள். “ஓட்டிக்கினு போறவருக்குப் பின்னால நடக்கிறது தெரியாது.”

அன்று ஷேர் ஆட்டோவில்தான் வந்திருந்தோம். பைக்கில் ஏற இருவருக்குமே தைரியம் வரவில்லை.