முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு ஷிப்டுக்குப் போனோம்

பழைய பாகங்களை வாங்கி ஒன்றுசேர்த்துச் சைக்கிள் பூட்டுவது எப்படி என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். சொல்லித் தருகிறேன். ஆனால் நான் ஆசைப்பட்டு அந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. கோபத்தில் கற்றுக்கொண்டேன். அதை விட்டுவிட்டு நட்டையும் போல்ட்டையும் மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

என் பெயர் மேரி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் ஒரு ஒயரிங் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி, கனெக்டர் மாட்டி அனுப்புகிற வேலை. லைனில் நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். என்னைப் போல் சிலர் பர்மனென்ட், மற்றவர்கள் காண்ட்ராக்ட்.

பஸ் நின்ற இடம்

ஒரு மழைக்காலத்தில் கம்பெனி பஸ் தொழிற்சாலைக் கேட்டு வரை வருவதை நிறுத்திவிட்டார்கள். ரோடு மோசமாக இருக்கிறதாம், பஸ் அடி வாங்குகிறதாம். ஹைவே சர்வீஸ் ரோட்டில் இறக்கி விட்டுவிடுவார்கள். அங்கிருந்து தைல மரத் தோப்பு வழியாக அரை மணி நேரம் நடக்க வேண்டும். கல் குவாரிக்குப் போகும் டிப்பர் லாரிகள் எல்லாம் அந்த ரோட்டில்தான் ஓடும். ஒதுங்க இடமிருக்காது. பஸ் தாங்காத ரோட்டில் நாங்கள் மட்டும் நடக்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை.

டிரான்ஸ்போர்ட் பார்க்கிறவரிடம் போய்க் கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நடந்தா ஒடம்புக்கு நல்லதும்மா. டாக்டரே அதான் சொல்றாங்கோ."

"நீங்க கார்ல வர்றீங்களே சார், உங்க ஒடம்புக்கு நல்லது வேணாமா?"

அன்று சேறு படிந்த செருப்போடு லைனில் நின்றேன். பக்கத்து மேசையில் இருந்த முனிரத்னா மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, சைக்கிள் இருந்தா பத்து நிமிஷத்துல வந்துடலாம். எங்க ஊர்ல எங்கப்பா சைக்கிளுக்கு நான்தான் எல்லாம் பண்ணுவேன். பழசு வாங்கி நாமளே பூட்டலாமா?"

முனிரத்னா கர்நாடக எல்லையோர ஜவளகிரிக்காரி. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், சூப்பர்வைசர் தெலுங்கர் என்றால் தெலுங்கு. ஓசூரில் நான்கு பெண்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள்.

பெயிண்டை நம்பாதீர்கள்

ஜூஜுவாடி பக்கம் பழைய சைக்கிள் பாகங்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளவென்று நீலப் பெயிண்ட் அடித்த லேடீஸ் ஃப்ரேம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"சூப்பர் ஃப்ரேம்க்கா. கண்ண மூடினு தூக்கினு போங்க."

முனிரத்னா கண்ணை மூடவில்லை. ஹேண்டில்பார் நுழைகிற குழாயின் அடியில், மற்றக் குழாய்கள் வந்து சேரும் ஜாயின்ட்டை விரலால் தடவினாள். நகத்தால் கொஞ்சம் சுரண்டினாள்.

"அண்ணா, இங்க என்ன?"

"பெயிண்ட் கீறலும்மா."

"பெயிண்ட் கீறலுக்குள்ள துரு எப்படிண்ணா வரும்?"

அது விரிசல். எங்கேயோ மோதிய ஃப்ரேம். அதில் ஏறிக் குவாரி ரோட்டில் போயிருந்தால் ஹேண்டில் தனியாகக் கையோடு வந்திருக்கும். நான் சத்தம் போட்டேன். "பொம்பளைங்க வந்தா எதையும் தலைல கட்டலாம்னு நெனச்சியா?" என்று கேட்டதில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

ஆகவே முதல் பாடம்: புதுப் பெயிண்ட் அடித்த பழைய ஃப்ரேமை வாங்கவே வாங்காதீர்கள். துருப்பிடித்தது பரவாயில்லை. எல்லாக் குறையும் கண்ணுக்குத் தெரியும். ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு பக்கத்தில் கட்டுங்கள். நடுவிலுள்ள சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஃப்ரேம் வளைந்தது.

வேறொரு கடையில் துருப்பிடித்த ஃப்ரேம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் வீட்டு வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவினோம். அதற்குள் உருளும் இரும்புக் குண்டுகளான பழைய பால்ஸில் நல்லதைப் பொறுக்கிப் போடலாம் என்று நான் எடுத்தேன். முனிரத்னா கையைத் தட்டிவிட்டாள். தேய்ந்ததும் புதியதும் கலந்தால் பாரம் முழுவதும் புதியதன் மேலேயே விழும். அது பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனைத் தின்றுவிடும். போட்டால் மொத்தமும் புதிது போட வேண்டும்.

கோனை முறுக்குவதிலும் ஆத்திரம் உதவாது. இறுகும் வரை முறுக்கி, கொஞ்சம் பின்னால் தளர்த்தி, லாக் நட்டைப் பூட்ட வேண்டும். பிறகு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து விடுங்கள். வால்வு தானாகவே சுற்றிக் கீழே வந்து நின்றால் சரி. அக்கம்பக்கம் ஆட்டினால் ஆடவும் கூடாது. ரிம் பெண்டு எடுக்க எனக்குப் பல ஞாயிறுகள் பிடித்தன. ஒரு ஸ்போக்கைப் பெரிதாகத் திருகி வேலையை முடிக்கப் பார்த்தால் வேறு இடத்தில் கோணும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர வேண்டும்.

சைக்கிள் ஓடியது. அதைப் பார்த்து லைனில் மற்றவர்களும் கேட்டார்கள். பொங்கலுக்குள் எங்கள் ஷிப்டில் ஒன்பது சைக்கிள்கள் ஆகிவிட்டன. டிப்பர் வந்தால் ஒருவருக்கொருவர் மணி அடித்துக்கொண்டு வரிசையாக வருவோம். சாயங்காலம் ஹைவே ஓரத்து டீக்கடைக்குப் பின்னால் சைக்கிள்களை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவோம், காலையில் பஸ் இறங்கி எடுத்துக்கொள்வோம்.

பள்ளத்தில் குவியல்

கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் மறித்தார்.

"உள்ள பைக்குக்கும் காருக்கும்தான் ஸ்டாண்டு. சைக்கிளுக்கு அப்ரூவல் இல்ல."

"அப்ரூவல் யார் குடுப்பாங்க சார்?"

"அது எனக்குத் தெரியாது. வெளிய வெச்சுட்டு வாங்க."

காம்பவுண்டு சுவரோரம் வைத்தோம். யாருக்கும் தொந்தரவு இல்லை. பிறகு ஒருநாள் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் சுவரோரம் ஒன்றுமில்லை. ரோட்டோரப் பள்ளத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வீசியிருந்தார்கள். செக்யூரிட்டி ஆட்களில் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்: "பழைய இரும்புக் கடை மாதிரி இருக்குது, கண்ணுல படக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கம்மா."

எங்கள் கையால் பூட்டிய சைக்கிள்கள் அவை. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தோம். பெடல் ஸ்போக்கில் சிக்கியிருந்தது, மட்கார்டு நசுங்கியிருந்தது. இருட்டுவதற்குள் ஹைவேயில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். முனிரத்னாவின் முன் பிரேக் அந்தக் குவியலில் முறுக்கிக்கொண்டு, பிரேக் கட்டை ரிம்மை விட்டு விலகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

குவாரி இறக்கத்தில் எதிரே டிப்பர் திரும்பியது. அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். முன் பிரேக் பிடிக்கவில்லை. பின் பிரேக் மட்டும் பிடித்து, ஜல்லியில் சக்கரம் வழுக்கியது. டிப்பர்காரர் ஒடித்துத் திருப்பியதால் உயிர் தப்பினாள். வலது மணிக்கட்டு உடைந்தது. ரோட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பிரேக் இருந்துச்சுக்கா, காலைல இருந்துச்சுக்கா" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

மறுநாள் எச்.ஆர். ஆபீசருக்கு முன்னால் நின்றேன்.

"கேட்டுக்கு வெளிய நடந்ததுக்கு கம்பெனி பொறுப்பு இல்லம்மா."

"வெளிய வெக்கச் சொன்னது யாரு சார்? பள்ளத்துல தூக்கிப் போட்டது யாரு?"

"குரல ஒசத்தாதீங்க. அவங்க காண்ட்ராக்ட். காண்ட்ராக்டர் பாத்துக்குவார்."

காண்ட்ராக்டர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். அந்த வாரமே அவள் இடத்துக்கு வேறு பெண்ணை அனுப்பினார்.

கேட்டில் ஒரு காலை

சத்தம் போட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. கம்பெனியில் ஒரு விதி உண்டு. உள்ளே கொண்டுபோகும் பொருள் எதுவாக இருந்தாலும் செக்யூரிட்டி சோதித்துப் பதிந்த பிறகுதான் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் என் வீட்டில் கூடினோம். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பழகினோம்.

திங்கட்கிழமை காலை சைக்கிள்களைச் சுவரில் சாத்திவிட்டு, ஆளுக்கொரு முன் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டு வரிசையில் நின்றோம்.

"என்னம்மா இது?" சூப்பர்வைசர் எழுந்துவிட்டார்.

"சக்கரம் சார். செக் பண்ணி உள்ள விடுங்க."

"வெளிய வெச்சுட்டு வாங்க."

"வெளிய வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுங்க சார், வெச்சுடறோம்."

எழுதித் தர அவருக்குத் தைரியம் இல்லை. உள்ளே விடவும் தைரியம் இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை ஹைவே பக்கம் நீண்டது. அதில் நின்ற பெண்கள் ஒருவர்கூட எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வரவில்லை. கலா என்கிற நாகரசம்பட்டிப் பெண், சைக்கிளே இல்லாதவள், பின்னாலிருந்து கத்தினாள்: "நிதானமா பாருங்க சார், ஒவ்வொரு கம்பியா எண்ணிப் பாருங்க!"

ஷிப்டு மணி அடித்தது. லைன் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் பிளான்ட் மேனேஜர் நடந்தே கேட்டுக்கு வந்தார். அதுவரை அவரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எங்கள் தோள்களைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"இவங்களுக்கு என்ன வேணும்?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். எங்களைக் கேட்கவில்லை.

"ஸ்டாண்டு வேணும் சார். முனிரத்னா திரும்ப வேலைக்கு வரணும்" என்று நானே சொன்னேன்.

ஸ்டாண்டு அந்த வாரமே வந்தது. இரண்டு குழாயும் ஒரு தகரக் கூரையும்தான். அதற்குத்தான் ஒரு மணிக்கட்டு உடைய வேண்டியிருந்தது. இரண்டாவது கோரிக்கையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"கொஞ்சம் சிரிங்கம்மா"

அடுத்த மாதம் ஸ்டாண்டின் மேல் ஒரு போர்டு தொங்கியது. பெண் ஊழியர்களின் நலனுக்காக நிர்வாகத்தின் பசுமை முயற்சி என்று எழுதியிருந்தது. அதே எச்.ஆர். ஆபீசர் கேமராக்காரரோடு வந்து, எங்களைச் சைக்கிளோடு நிற்கச் சொன்னார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா. ஹெட் ஆபீசுக்குப் போற படம்."

"முனிரத்னா எங்க சார்?"

"அது காண்ட்ராக்டர் மேட்டர்னு சொன்னேனே."

நான் என் சைக்கிளின் கால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அதை வெளியே தள்ளினேன். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் போர்டையும் காலியான குழாய்களையும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு காண்ட்ராக்டர் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி முனிரத்னாவுக்குப் போன் செய்தார். அவள் அதற்குள் தளி ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில், பாலித்தீன் கூடாரத்துக்குள் பூ தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "பேடா சார்" என்று கன்னடத்தில் சொல்லி வைத்துவிட்டாளாம். வேண்டாம் என்று அர்த்தம். "திரும்ப அந்தக் கேட்ல போய் நிக்கறதுக்காக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

அவள் கை முழுவதும் சரியாகவில்லை. வலது பிடி இறுகாது. முன் பிரேக்கின் லீவர் வலது பக்கம் இருந்ததால் சைக்கிளைத் தொடவே பயந்தாள். ஒரு ஞாயிறு அவள் ரூமுக்குப் போய், கேபிளை மாற்றி, முன் பிரேக்கை இடது கைக்குக் கொண்டுவந்தேன். அவள் விரல் நீளத்துக்கு லீவரை உள்ளே இழுத்துவைத்தேன். கட்டை டயரில் உரசாமல் ரிம்மின் நடுவில் படும்படி பூட்டினேன். சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே ஓட்ட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. உங்கள் கைக்கும் காலுக்கும் என்ன வருமோ அதற்கு வண்டியை மாற்றுங்கள். மாற்றியவரின் வார்த்தையை நம்பி ஏறாதீர்கள், அது நானாக இருந்தாலும். ஒவ்வொரு முறையும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள்.

முனிரத்னா இடது கையால் பிடித்துத் தள்ளினாள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. முன் சக்கரம் அசையவில்லை.

"பிடிக்குதுக்கா" என்றாள்.

அவள் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள், சிரித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டேன்.