ஆஜர் சொல்ல ஒரு செய்தி

எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் கோட்டை விட்டேன். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா ஒரு வாரம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே நடந்த டுடோரியலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சீன எல்லையில் சண்டை மூண்ட வருஷம் அது. கீழே நாள் முழுக்கப் பித்தளைக் குடங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுத்தான் மாடியில் ஆங்கிலம் படிக்க வேண்டியிருந்தது.

டுடோரியலை நடத்திய சாருக்குப் பாடப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. கட்டுரையிலும் கடிதத்திலும்தான் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள், அந்த இரண்டையும் பிடித்துவிட்டால் பாஸ் என்பது அவர் கணக்கு. "கேள்வி எடுக்கறவனும் காலையில காபி குடிச்சிட்டு இதே பேப்பரைத்தான் பாக்கறான். அவன் மனசுல எது ஓடுதோ அதுதான் கேள்வியா வரும்" என்பார். மெட்ராஸ் பஸ்ஸில் வருகிற ஆங்கிலப் பேப்பரை வாங்கி, மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிடுவார். வருகைப் பதிவு எடுக்கும்போது யாரும் வெறுமனே ஆஜர் சொல்லக் கூடாது. சுவரில் இருக்கிற ஒரு செய்தியைச் சொந்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் வந்தும் வராதவர்கள்தான்.

பையன்கள் நிறைய. பெண்கள் நாங்கள் இரண்டே பேர். இன்னொருத்தி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். கணவர் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம், ஆனால் அவர் லீவில் வந்த நாட்கள்தான் அவளுக்குக் குடித்தனம். அவள் படித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது கணவர். அவர் வார்த்தைக்காக மாமனார் சரி என்றார், ஆனால் ஒரு கெடு வைத்தார்.

"மார்ச் வரைக்கும் பாக்கலாம்னுட்டாரு. பாஸானா டீச்சர் ட்ரெய்னிங். இல்லன்னா கழனிக்கு வந்துடுன்னுட்டாரு" என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். கழனி வேலை அவளுக்குப் புதிதல்ல, பயமும் இல்லை. ஆனால் ஒரு தடவை இறங்கிவிட்டால் பிறகு யாரும் ஏற்றிவிட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தோற்றால் இன்னொரு வருஷம் உண்டு. அவளுக்கு அந்த ஒரு பரீட்சைதான்.

ஐப்பசியில் சண்டை பெரிதானதும் சுவர் முழுக்க அதே செய்தி. பையன்களுக்குக் கொண்டாட்டம். யார் பயங்கரமான வாக்கியம் சொல்கிறார்கள் என்று போட்டியே நடந்தது. நம் படை பின்வாங்கியது என்பான் ஒருத்தன். இன்னொரு ஊரும் கைவிட்டுப் போனது என்பான் அடுத்தவன், ஏதோ கபடி ஆட்டத்தின் பாயிண்ட் சொல்கிற மாதிரி. எனக்கு அப்போதே நாக்கு நீளம். "அவ்வளவு வீரம் இருந்தா நீ போய் நில்லுடா அங்க" என்று எழுந்து கத்திவிட்டேன். சார் என்னை உட்காரச் சொன்னார். அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

அவள் முறை வந்தால் சுவரின் கீழ் மூலைக்குப் போய்விடுவாள். விழுப்புரத்தில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, விலை ஏறியிருக்கிறது என்பாள். மறுநாள் கடலோர ஜில்லாக்களில் மழை ஜாஸ்தி என்பாள். சாருக்கு எரிச்சல் வரும். "ஏம்மா, நாடே பத்தி எரியுது, நீ மல்லாட்டையைப் பிடிச்சிக்கிட்டிருக்கே. பரீட்சையில மல்லாட்டையா கேப்பான்?" என்பார். வகுப்பு சிரிக்கும். அவளும் கூடச் சிரித்துவிட்டு உட்காருவாள். அவள் கணவர் எல்லையில் இருப்பது சாருக்கு அப்போது தெரியாது. சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கு, "வேணாம் பாப்பா, அப்புறம் அவரு என்னைப் பாத்துப் பாத்துப் பேசுவாரு. எனக்குப் பாடம் நடக்காது" என்றாள்.

சண்டை நின்ற பிறகுதான் அவள் வீட்டுக்குத் தகவல் வந்தது. ஆளைக் காணவில்லை. இறந்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. நாங்கள் கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த சமயம். அவள் வகுப்புக்கு வரவே இல்லை. அவள் ஊர்க்காரர் ஒருவர் மாடியேறி வந்து சாரிடம் விஷயத்தைச் சொன்னார். சார் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை.

தீபக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு காலை அவள் வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. அதைப் பார்த்ததும் பையன்கள் என்ன நினைத்தார்களோ, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சார் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து அவள் பெயரைத் தாண்டிப் போனார். அது கருணை என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அவள் எழுந்து நின்றாள். "சார், என் பேரு விட்டுப் போச்சு" என்றாள்.

சார் தடுமாறிக்கொண்டு பெயரைக் கூப்பிட்டார். அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. பல வீரர்களைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு தப்பு இல்லை. இத்தனை மாதத்தில் அவள் சொன்ன முதல் சண்டைச் செய்தி. சார் பழக்க தோஷத்தில் "வெரி குட்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவர் முகம் போன போக்கை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது.

தை பிறந்ததும் பரீட்சைக்கு வரும் என்று அவர் அடித்துச் சொன்னது ஒரு கடிதம். எல்லையில் நிற்கும் வீரனுக்கு ஒரு கடிதம். தானே எழுதிக் கொடுத்து எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். நீ கண் விழித்திருப்பதால் நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்கிற ரகம். பையன்கள் விடிகாலையில் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே உருப்போடுவார்கள். அடி அண்ணாமலையில் சாணி வாரிக்கொண்டிருந்த பெண்களுக்குக்கூட முதல் வரி மனப்பாடம் ஆகியிருக்கும். அக்காவை மட்டும் சார் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"நீ இதைப் படிக்க வேணாம்மா. வேற ரெண்டு கட்டுரை எழுதித் தர்றேன்."

"இதான் வரும்னீங்களே, சார்."

"வரும்தான். ஆனா..."

"அப்ப இதையே படிக்கிறேன். எனக்கு மார்க் வேணும், சார்."

படித்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு ஒப்பிப்பாள். நிம்மதியாகத் தூங்குகிறோம் என்ற வரி வரும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவள் நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போவாள். வீட்டில் இப்போது பேச்சே மாறிவிட்டது என்றாள். மாமனார் கெடுவைப் பற்றிப் பேசுவதில்லை, மாமியார்தான் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பாஸானால் எங்கேயும் போகாமல் தன் காலில் நிற்கலாம். அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

மார்ச்சில் கேள்வித்தாளைப் பிரித்தேன். எல்லையில் பணிபுரியும் நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதுக என்று அச்சாகியிருந்தது. ஹாலில் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா எனக்கு இரண்டு வரிசை முன்னால். முதுகும் எழுதுகிற கையும் மட்டும் தெரிந்தன. மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பேனா நின்றது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானும் பாஸ், அவளும் பாஸ். அவள் ட்ரெய்னிங் முடித்து, வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராகி, ரிடையர் ஆனாள். சாருடைய புகழ் செங்கம் வரைக்கும் பரவி, அடுத்த வருஷம் மாடியில் உட்கார இடமில்லை. அவள் கணவரைப் பற்றி மட்டும் எந்தப் பேப்பரிலும் ஒன்றும் வரவில்லை. எனக்கு நினைவில் நிற்பது பரீட்சை முடிந்த அந்த மத்தியானம்தான்.

பஸ் ஸ்டாண்டில் வேப்ப மரத்து நிழலில் நின்றோம். கடிதம் எழுதினாயா என்று கேட்டேன்.

"எழுதிட்டேன். மனப்பாடம் பண்ணதுல ஒரு வார்த்தை விடல."

"நடுவுல நிறுத்திட்டியேக்கா?"

"லெட்டரு முடிஞ்சதும் யாருக்குன்னு விலாசம் எழுதணும் இல்ல? சார் ஏதோ ஒரு பொய் விலாசம் குடுத்திருந்தாரே, அது ஞாபகம் வரல. எங்க வீட்டுக்காரரு விலாசம்தான் வந்துச்சு. பேரு, பட்டாளத்து நம்பர், கம்பெனி எல்லாம் எழுதிட்டேன்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. நிஜப் பெயரோ விலாசமோ விடைத்தாளில் இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கண்டுபிடித்தால் பேப்பரையே கேன்சல் செய்துவிடுவார்கள். "உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? இதுக்காடி இவ்வளவு கஷ்டப்பட்டே?" என்று அக்கா என்றும் பார்க்காமல் கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியும் பாப்பா" என்றாள். "கார்த்திகையிலேர்ந்து நான் போட்ட லெட்டரெல்லாம் திரும்பி வந்துடுச்சு, ஆள் இல்லைன்னு மேல எழுதி. இது ஒண்ணுதான் திரும்பி வராது."