பல்லுக்காரரின் பழைய அச்சு

தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்றுதான் பெயர். பல் டாக்டரம்மாவின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவர். வாய்க்குள் கை வைத்து அளவெடுப்பது டாக்டரம்மாவின் வேலை. அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்சாக்கி, மெழுகில் பல்லைப் பதித்து, ராவி மெருகேற்றுவது இவர் வேலை. வேலையில் சுத்தம், ஆள்தான் அப்படியில்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டினவர், வீட்டுக்காரியின் பல்லைத் தட்டினவர். இதை மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, தெருவுக்கே தெரியும்.

நடந்தது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால். டாக்டரம்மாவிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணோடு இவருக்குப் பழக்கம். மனைவி கேட்டாள், கேட்கத்தானே செய்வாள். குடித்திருந்தவர் விட்டார் ஒரு குத்து, மேல்வரிசை முன்பல் நான்கும் போயின. மறுநாள் காலையில் அந்தப் பெண்ணோடு பஸ் ஏறிவிட்டார். மனைவி ஆலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தவள்தான், பிறகு பாட்டுக்கென்று வாயைத் திறக்கவேயில்லை. மேல்வரிசையில் மிச்சமிருந்ததும் ஆட்டங்கண்டு ஒவ்வொன்றாகக் கொட்டிப்போனது.

பதினோரு வருடம் கழித்து அந்தப் பெண்ணும் இவரைக் கைகழுவினாள். பஸ் நிலையத்தில் சுருண்டு கிடந்தவரை யாரோ அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸ் முகவரி கேட்டபோது வாயில் வந்தது பழைய வீட்டு முகவரி. மனைவி வந்தாள், கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். கல்யாணமாகிப் போன மகள் போனில் கத்தியது முன்னறை வரை கேட்டது.

"உனக்கு என்ன பைத்தியமாம்மா? அந்த ஆளையா வீட்டுக்குள்ள சேர்த்திருக்க?"

"விட்டிருந்தா செத்திருப்பாரு. நாளைக்கு ஆண்டவர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றாள் மனைவி. மேல்பல் இல்லாத வாயில் பாதி வார்த்தை காற்றாகப் போனது.

குடியை விட்டார். டாக்டரம்மா பெரிய மனது பண்ணி மறுபடியும் பின்னறையில் உட்காரவைத்தார். ஆனால் தினமும் காலையில் மனைவி கையால் வாயை மறைத்துக்கொண்டு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்குவதைப் பார்க்கும்போது, இவர் தன் காபியைத் தள்ளிவைத்துவிடுவார். அவளுக்கு ஒரு மேல்வரிசை கட்டிக் கொடுத்துவிட வேண்டும். அவள் மறுபடி பாடிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த ஒரே நினைப்பில்தான் நாளை ஓட்டினார்.

அவளோ டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

அப்போதுதான் அலமாரிக்குள் அவளுடைய தையல் டப்பாவில், துணியில் சுற்றிய பழைய அச்சு அவர் கண்ணில் பட்டது. கல்யாணமான புதிதில், தொழில் பழகுகிறேன் பேர்வழி என்று அவள் பல்லுக்கு இவர் எடுத்துப் பார்த்த அச்சு. வாய் நிறைய அளவெடுக்கும் மாவை வைத்துக்கொண்டு அன்று அவள் சிரித்த சிரிப்பில் அளவே கோணிப்போனது. இரண்டாம் தடவை எடுத்ததுதான் இது. தூக்கி எறியாமல் வைத்திருக்கிறாளே என்று அவர் அழுதுவிட்டார். ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் அதை வைத்தே செட் செய்தார். பழைய அளவில் பல் கட்டினால் நிற்காது என்பது அந்தத் தொழிலில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பல் போனபிறகு ஈறு சுருங்கும், தாடை இறங்கும். மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவர், தன் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பி நின்றவளிடம் நீட்டினார். அவள் வாங்கி வாயில் பொருத்தினாள். அது ஆடியது. வாயைத் திறந்ததும் அவள் உள்ளங்கையிலேயே வந்து விழுந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அந்தக் கல்யாணப் பொண்ணோட வாய். அவ இப்போ இங்க இல்லைங்க" என்றாள்.

மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இவர் மேஜையருகில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆண்டவரிடமும் இத்தனை நாள் இதைத்தானே நீட்டிக்கொண்டிருந்தோம் என்று சுருக்கென்று பட்டது. பழையபடி ஆக்கிவிடும், பழையபடி ஆக்கிவிடும் என்றே கேட்டிருக்கிறார். இப்போது இருக்கிற நாசத்தை ஒருநாளாவது அவருக்குத் திறந்து காட்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் கேட்டு, அளவெடுக்கும் மாவும் தட்டும் வாங்கிவந்தார். "புதுசா அளவு எடுக்கணும். நான்தான் எடுக்கணும். வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரப்பர் கிண்ணத்தில் மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி இவர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அன்றைக்கு விட்ட குத்து பன்னிரண்டு வருடம் அந்த உடம்பில் அப்படியே இருந்திருக்கிறது. தட்டிலிருந்த மாவு அங்கேயே இறுகிப்போனது.

அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி குழைத்தார். இந்தத் தடவை அவள் காலடியில் முழங்கால் போட்டார். கை கீழேயிருந்து மெதுவாகப் போனது. அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

மாவு இறுக மூன்று நிமிடம். அவளால் பேச முடியாது. இவர் பேசினார்.

"உன்னை அடிச்சேன். நீ கீழ விழுந்து கெடந்தப்போ நான் தாண்டிப் போனேன். சத்தம் கேட்டு வந்தவங்ககிட்ட நீயே விழுந்துட்டன்னு சொன்னேன். ஓடிப்போன ஊர்ல, பொண்டாட்டி செத்துட்டான்னு சொன்னேன். உனக்குச் செஞ்ச துரோகத்தை ஆண்டவருக்கும் செஞ்சேன்." தட்டைப் பிடித்திருந்த விரலில் அவள் கண்ணீர் வழிந்தது. கீழ்ப்பல்லால் கடித்திருக்கலாம். அவள் கடிக்கவில்லை.

தட்டை எடுத்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மன்னிக்கிற மனசு எனக்கு இன்னும் வரல. தினமும் அதைத்தான் ஜெபத்துல கேக்கறேன். கட்டில் முன்னறையிலேயே இருக்கட்டும்."

"சரிம்மா."

ஈரம் காயாத புது அளவைக் கையில் ஏந்திப் பார்த்தார். ஒரு பல்லின் தடம்கூட இல்லை. வழவழவென்று வெறும் ஈறு. தான் செய்தது அத்தனையும் அதில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துங்க, கீழ போட்டுடாதீங்க" என்றாள் அவள். "மறுபடி வாயைத் திறக்க எனக்குத் தெம்பில்ல."