மூன்று தண்ணீரும் ஒரு கடலும்

போன இரண்டு வாரமாகப் பத்திரிகையில் இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் விசாரித்தீர்களாம். மகிழ்ச்சி! ஒருவர் ஆபீசுக்கே வந்து, "என்ன, உள்ளே போய்விட்டாரா?" என்று கேட்டாராம்.

ஆமாம், உள்ளேதான் இருந்தேன். ஆனால் உப்புக் காய்ச்சியோ, கள்ளுக்கடை வாசலில் நின்றோ அல்ல. அதற்கெல்லாம் எனக்குத் தேசபக்தியும் போதாது, முதுகும் போதாது. நான் இருந்தது மண்டபம் கேம்பில். என்னை உள்ளே தள்ளியது சர்க்கார் அல்ல... என் சொந்த அக்கா!

இலங்கைக்குப் போய்வருவது சுலபம் என்றுதான் நம் சேலம் ஜில்லாவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நினைப்பதில் தப்பும் இல்லை. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், சீமைக்குப் போகிறவர்கள் படுகிற பாடு எதுவும் இல்லை. தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் ரெயில், விடிந்தால் கொழும்பு.

ஆனால் நடுவில் மண்டபம் என்று ஒன்று இருக்கிறதே! மூன்றாம் வகுப்பில் போகிறவர்களை அங்கே இறக்கி, ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் குறைய அடைத்து வைப்பார்கள். காலரா, பிளேக் எதுவும் கூடவே பிரயாணம் செய்யவில்லை என்று நிச்சயமான பிறகுதான் கப்பல். கையில் அம்மை குத்திய தழும்பு இல்லாவிட்டால் அதையும் குத்திக்கொண்டாக வேண்டும். இரண்டாம் வகுப்பில் போகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே எழுதிப்போட்டு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கேம்பில் இறங்க வேண்டாம். அக்கரையில் சில நாள் ஒரு டாக்டரிடம் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். காசு உள்ளவனைக் கண்டால் கிருமிகூட ஒதுங்கிப் போகும் போலிருக்கிறது!

என் அக்கா அங்கம்மாள் இருப்பது ராசிபுரத்தில். தறி வீடு. ஒரே மகள் தனத்தை, கொழும்பில் சேலைக்கடை வைத்திருக்கும் சேலத்துப் பையனுக்குக் கொடுத்திருக்கிறோம். தனத்துக்கு இது தலைப்பிரசவம். ஊருக்கு அழைத்துவருவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் அவளுக்குக் காலும் முகமும் வீங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றல். ரெயிலும் கப்பலும் கூடவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை. கூட ஒரு பெண் துணை இல்லாமல் அவள் பிள்ளை பெறவேண்டும் என்றாகிவிட்டது.

"அவ அந்தக் கரையில, நானு இந்தக் கரையில. எப்படியாச்சும் என்னயக் கொண்டுபோய்ச் சேத்திருடா தம்பி" என்றாள் அக்கா.

தம்பி சும்மா இருப்பேனா? சூரமங்கலத்தில் ரெயில் ஆபீஸ்காரர்களுக்கு நடுவே குடியிருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? எழுதிப்போட்டேன். இரண்டாம் வகுப்புக்கு அனுமதிச் சீட்டும் வந்துவிட்டது. பாக்கி அம்மைத் தழும்பு ஒன்றுதான்.

எனக்கு உண்டு. அக்காவுக்குக் கிடையாது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், எங்கள் தெருவே காலி. அக்காவைப் தறிக்கு வைத்திருந்த பாவு நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். எனக்கு ஒளிய இடம் இல்லை, அகப்பட்டுக்கொண்டேன். இப்போது அக்காவே ஆள் அனுப்பி அவரை வரவழைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

பிரயாணத்துக்குச் சாமான் கட்ட நான் ராசிபுரம் போய் இறங்கினால், வாசலில் வேப்பிலை தொங்குகிறது!

குத்திய இடம் வீங்கிக் கொப்புளம் கண்டிருந்தது. லேசாகக் காய்ச்சல். அக்கா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருவில் தானாக வந்த அம்மைக்கும் குத்தி வந்த அம்மைக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டும் மாரியாத்தாள்தான். வந்துவிட்டால் மரியாதை செய்தாக வேண்டும். வீட்டில் தாளிப்பு இல்லை. விருந்தாளி இல்லை. நாள் விட்டு நாள் வேப்பிலைத் தண்ணீர் மூன்று முறை ஊற்றி முடியும்வரை இன்னொரு வீட்டுப் படி ஏறக்கூடாது. அதிலும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு... கேட்கவே வேண்டாம்.

"நாளான்னிக்கு ரெயிலு அக்கா. சீட்டு கையில இருக்குது, இன்னும் ஒரு வாரந்தான் செல்லும். மண்டபத்துல எறங்கவே வேண்டாம். நேரா தனத்தோட ஊட்டு வாசல்தான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆத்தாளக் கையில வெச்சுக்கிட்டு, நெறமாசக்காரி ஊட்டுக்குள்ள நேராப் போறதா? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். மூன்று தண்ணீரும் ஊற்றிவிட்டுப் புறப்பட்டால் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

எனக்குக் கோபம். அலைந்து திரிந்து வாங்கிய சீட்டல்லவா? பயமுறுத்தியாவது கிளப்பிவிடலாம் என்று, "இதை உட்டா மூணாங்கிளாஸ்தான். மண்டபத்துல அடைச்சுப் போட்டுருவாங்க" என்றேன்.

"அடைச்சுப் போட்டு?"

"வெளியாளு ஒருத்தரும் கிட்ட வர முடியாது. நீயும் வெளிய போக முடியாது."

"அப்பறம்?"

"கண்டதையும் திங்க முடியாது. துணிமணியெல்லாம் வேக வெச்சு எடுப்பாங்க. தெனமும் டாக்டரு வந்து பாப்பாரு. ஒடம்புல ஒண்ணுமில்லைன்னு அவுரு சொன்னாத்தான் கப்பலு!"

அழுகை நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டா தம்பி, இது நம்ம ஊட்டு வழக்கமாட்டமே இருக்குதே! இங்க ஒக்காந்து கழிக்கிற நாள அங்க ஒக்காந்து கழிச்சா ஆத்தா வேண்டாங்கறாளா?"

ஊரில் ஒரு அடைப்பு, மண்டபத்தில் ஒரு அடைப்பு என்று இரண்டு முறை கழியவேண்டிய நாட்களை ஒன்றாக்கிவிட்டாள்! சர்க்கார் உத்தரவையும் சாமி உத்தரவையும் இப்படி ஒரே மூச்சில் நிறைவேற்ற எந்த வக்கீலுக்குத் தோன்றும்?

ஊர் எல்லையைத் தாண்டலாமா என்று பங்காளி வீட்டுப் பெண்கள் இழுத்தார்கள். மாரியம்மன் கோயிலில் பூக்கட்டி வைத்துக் கேட்டார்கள். போகலாம் என்கிற வெள்ளைப் பூவே வந்தது. அக்கா கையில் வேப்பிலைக் கொத்தோடு மூன்றாம் வகுப்பில் ஏறினாள். கொத்தைப் பார்த்ததும் பெஞ்சியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கும்பிட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். முழுப் பெஞ்சி எங்களுக்கு. இரண்டாம் வகுப்பில்கூட அவ்வளவு சௌகரியம் கிடையாது!

மண்டபத்தில் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைக் கேட்டுக் காகிதங்களைப் புரட்டினார்.

"இரண்டாம் வகுப்புக்கு உங்களிட்டை அனுமதி இருக்குது. பிறகேன் இங்கை இறங்கினனீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நாங்களாத்தான் வந்தமுங்க. அடைச்சு வெய்யுங்க" என்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "விட்டுவிடுங்கோ எண்டு அழுகிறவையைத்தான் பாத்திருக்கிறன். அடைச்சு வையுங்கோ எண்டு வந்தது நீங்கள்தான் அம்மா."

கேம்ப் வாழ்க்கையைப் பற்றி நான் புகார் சொல்லப் போவதில்லை. காபி கிடையாது, பேப்பர் கிடையாது, மணல் மட்டும் தாராளம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற ஜனங்கள் ஏராளமாக இருந்தார்கள். மழை இல்லாமல் எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்த குடும்பங்களும் உண்டு. அவர்களில் ஒரு பெண்பிள்ளை, வேலி ஓரத்து வேப்பமரத்தில் இலை பறித்து வந்து, "தலையக் குனிங்க சாமி" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு முதல் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாம் தண்ணீரும் அவள் கைதான். இன்னும் ஒன்று ஊற்றிவிட்டால் ஆத்தாளுக்கும் விடை, எங்களுக்கும் விடை.

அப்போது வந்தது தந்தி. தனத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வரவும்.

டாக்டரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "உங்களிட்டைத்தான் சீட்டு இருக்குதே, இண்டைக்கே கப்பலேறுங்கோ" என்றார். நான் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தேன். அக்கா அசையவில்லை. டாக்டரிடம் கையை நீட்டினாள்.

"ஏனுங்க டாக்டரய்யா, இந்தக் கையோட நான் அவளத் தொடலாமுங்களா?"

அவர் 'தொடலாம்' என்று சொல்லியிருக்கலாம். பெற்றவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் அவர் புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் காயேல்லை அம்மா. பிள்ளைக்கும் தாய்க்கும் கிட்டப் போகாமல் இருக்கிறதுதான் நல்லது" என்றார்.

அக்கா நீட்டிய கையை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னால் அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை. போனால் மகளுக்கு ஆகாது. போகாமல் இருந்து, மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"பொறப்படு தம்பி" என்று திடீரென்று எழுந்தாள். "உள்ள போகக்கூடாதுன்னுதான இருக்குது? பேசக்கூடாதுன்னு இல்லியே!"

மறுநாள் காலையில் கொழும்பு. தனம் இருந்த அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில். ஜன்னலுக்கு நேராக, கொஞ்சம் தள்ளி, முற்றத்தில் ஒரு மரம். அக்கா அதன் அடியில் உட்கார்ந்துகொண்டாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது.

"தனம்! அம்மா வந்திருக்கறன் சாமி!"

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த முனகல் சட்டென்று நின்றது. பிறகு ஒரு அழுகை. "அம்மா..." என்று ஒரே சொல்.

அதற்குப் பிறகு அக்கா வாய் மூடவில்லை. எதிர் வீட்டில் போட்ட புதுத் தறி, சித்தி மகள் கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டை, மண்டபத்துச் சோறு, ரெயிலில் நான் குறட்டை விட்டது என்று ராசிபுரம் முழுவதையும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தாள். நடுவில், "மூச்ச இழுத்து உடு சாமி... அப்படித்தான்... அம்மா இங்கதான் இருக்கறன்." எனக்கும் மாப்பிள்ளைக்கும் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமலே துடைத்துக்கொண்டோம்.

நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, "உள்ளுக்கு வாங்கோவன் அம்மா. ஆர் உங்களை மறிச்சது?" என்று கேட்டாள்.

"நான்தானுங்க" என்றாள் அக்கா.

பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகம். நானும் மாப்பிள்ளையும் உள்ளே போய்ப் பார்த்தோம். அக்கா வெளியிலிருந்தே, மூக்கு எப்படி, நிறம் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒரு தேசத்துக்குள் நுழைய எத்தனை சட்டம்! தழும்பு இருக்கிறதா, சீட்டு இருக்கிறதா, என்ன வகுப்பு... எல்லாச் சட்டமும் 'இந்த ஆளை உள்ளே விடலாமா' என்றுதான் கேட்கிறது. நாமும் எப்படியாவது நுழைந்துவிடலாமா என்றுதான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான். 'நான் உள்ளே போனால் அங்கே இருப்பவர்களுக்கு ஆகுமா' என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஒருத்தி பிரயாணம் செய்ததை இப்போதுதான் பார்த்தேன். அதுவும் உள்ளே கிடப்பது பெற்ற மகளாக இருக்கும்போது! தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பேன்.

புண் நன்றாகக் காய்ந்து பொருக்கு உதிரட்டும் என்று காத்திருந்தாள். பிறகுதான், மாப்பிள்ளை வீட்டுப் பின்கட்டில், கொழும்பு வேப்பிலையில் மூன்றாம் தண்ணீர். தலை ஈரம் காய்வதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவள், அறை வாசலில் வந்ததும் நின்றுவிட்டாள். பழக்க தோஷம்! உள்ளே இருந்த நர்ஸைப் பார்த்து, "வரலாமுங்களா?" என்றாள்.

கட்டிலில் இருந்தபடியே தனம் ஒரு சத்தம் போட்டாள். ராசிபுரத்துத் தொண்டை அவளுக்கும் உண்டே!

"இன்னும் யார்கிட்ட கேக்கோணும்? நான் சொல்றன், உள்ள வாம்மா!"

அதற்கு மேல் என் அக்கா யார் உத்தரவுக்கும் நிற்கவில்லை.